எந்தக் கதவைத் தட்டுவது?

வயிற்றில் வலி என்றால் யாரிடம் போவது என்பது நம் ஊர்களில் சிறு குழந்தைக்கும் தெரியும். பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதைக் காட்டு வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அறிவர். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டால், மாட்டு டாக்டர் எந்தக் கிழமையில் எந்த ஊருக்கு வருவார் என்று சொல்லவும் ஆள் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் பத்து நாளாக உறங்கவில்லை, உண்ணவில்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிறார், அல்லது பேசவே மறுத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது யாரைத் தேடுவது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் இன்றும் விடை இல்லை. அந்த விடையைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். என் ஊர் பொம்மிடி. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரெயில் பாதையில், சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிறது. வண்டியின் சன்னலோரம் அமர்ந்து போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். ஊரைப் பார்க்குமுன் வண்டி கடந்துவிடும். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு இந்தப் பொருளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. இந்தக் கதவைத் தேடி 6 ஆண்டுகள் அலைந்தவன் நான்.

1981-ஆம் ஆண்டு. என் தம்பிக்கு அப்போது வயது 22. பள்ளி இறுதித் தேர்வில் தேறி, மரவள்ளிக் கிழங்கு மண்டி ஒன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்தான். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். ஒரு நாள் மண்டியிலிருந்து பாதிப் பகலில் திரும்பி வந்தான். அங்கே இருப்பவர்கள் தன்னைப் பற்றியே கிசுகிசுக்கிறார்கள் என்றான். அடுத்த வாரம், தெருவில் போகிறவர்களும் அப்படியே பேசுகிறார்கள் என்றான். பிறகு ஒரு நாள் மாலை, வானொலியில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றியே வாசிக்கிறார் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டான்.

எங்கள் தாயார் அழுதார்கள். தந்தையார் கோபித்துக் கொண்டார்கள். நான் ஆசிரியன்; எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ வைத்த செய்வினை என்றார்கள், கோடாங்கியை அழைத்தோம். கன்னிப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், வேப்பிலையால் அடித்தோம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். நல்லவேளையாக அந்தப் பாவத்தை மட்டும் நாங்கள் செய்யவில்லை. தொலைதூரத்தில் ஓரிடத்தில் கொண்டுபோய் 4 மாதம் விட்டு வைத்தோம். அந்த இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. திரும்ப அழைத்து வரும்போது அவன் கணுக்காலில் புண் இருந்தது. சங்கிலி உராய்ந்த புண். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

இப்படி 6 ஆண்டுகள் சென்றன. நகைகள் போயின, ஒரு ஏக்கர் நிலமும் போயிற்று. 1987-ஆம் ஆண்டில் ஒரு நாள் ரெயில் நிலையத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே பணியாற்றிய ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், தப்பாக நினைக்காதீர்கள். என் அக்காவுக்கும் உங்கள் தம்பி மாதிரிதான் இருந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். இப்போது சமைக்கிறாள், கோலம் போடுகிறாள்," என்றார். எந்த வண்டியில் ஏறுவது, சென்ட்ரலில் இறங்கி எந்தப் பக்கம் போவது, எத்தனை மணிக்கு வரிசையில் நிற்பது, சீட்டு எங்கே வாங்குவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அவர் மருத்துவம் சொல்லவில்லை, வழி சொன்னார். 6 ஆண்டுகளாக எங்களுக்குக் கிடைக்காமற்போனது அந்த வழி ஒன்றுதான்.

கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை நம்மவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சினிமாக்களில் அந்தப் பெயரைச் சொன்னாலே கொட்டகை சிரிக்கும். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். சென்னையில் மனநோயாளிகளுக்கென்று 1794-இல் ஒரு விடுதி தொடங்கப்பட்டது. அதன் வழியில் வந்ததே கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் அவர்கள், 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்கள். நோய் தணிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஊசியும் மாத்திரையும் மட்டும் போதா, வேலையும் உறவும் வேண்டும் என்பதற்காக, 1984-இல் 'ஸ்கார்ப்' என்ற நிறுவனத்தையும் அவர்கள் தோற்றுவித்தார்கள். இவையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, ஒரு மருத்துவர் என் தம்பியின் முகத்தைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "தூக்கம் வருகிறதா, தம்பி?" என்று கேட்டார் என்பதுதான். 6 ஆண்டுகளில் அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

மருந்து வேலை செய்தது. ஒரு நாளில் அன்று. ஒன்றரை மாதத்தில் குரல்கள் அடங்கத் தொடங்கின. ஆனால் இன்னொரு தொல்லை தொடங்கிற்று. மாத்திரை தீர்ந்தால் மீண்டும் சென்னைக்குப் போக வேண்டும். பொம்மிடியிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். இரவெல்லாம் வண்டி, பகலெல்லாம் வரிசை, மறுபடி இரவெல்லாம் வண்டி. எனக்கு விடுப்புக் கிடைக்காத மாதத்தில் மாத்திரை தவறும். மாத்திரை தவறினால் குரல்கள் திரும்பும். மருந்து இருப்பது மட்டும் போதாது, அது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அந்த நாட்களில் நான் படித்த பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை.

இந்த உண்மையை அரசினரும் அறிஞர்களும் அறியாமல் இல்லை. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தைத் தேர்ந்து, ஊர்ப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சாதாரண மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனநோய்க்கு அங்கேயே மருந்து கொடுக்க முடியுமா என்று செய்து பார்த்தார்கள். முடியும் என்று கண்டார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. நாடு முழுவதற்கும் முதலில் தேர்ந்த 4 மாவட்டங்களில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் படிப்படியாகத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் அத்திட்டம் வந்தது.

பெயரைக் கேட்டால் பெரிய காரியாலயம் போலத் தோன்றும். நடைமுறையில் அது ஒரு சிறு குழு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அதில் இருப்பார்கள். மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அவர்கள் இருப்பதோடு, குறித்த நாட்களில் தாலுக்கா ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வந்து போவார்கள். எங்கள் பக்கத்தவர்க்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தலைமையிடம். 2008-இல் அது மருத்துவக் கல்லூரியாயிற்று. சேலம் பக்கம் போவது எளிது என்பவர்க்கு அங்கே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. எந்த நாளில் எந்த ஊருக்குக் குழுவினர் வருவார்கள் என்பது மாறக்கூடியது. ஆகையால் நான் இங்கே கிழமை சொல்லப் போவதில்லை. அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில், "மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால், உங்கள் ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே அந்த அம்மாள் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த வீட்டில் எந்தக் கதவு சாத்தியே இருக்கிறது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் தம்பி இப்போது தருமபுரியில்தான் மருந்து வாங்குகிறான். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு. அவனுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. கொல்லையில் கத்தரியும் அவரையும் வைத்திருக்கிறான். முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சில நாட்களில் பேசமாட்டான். ஆனால் அவன் வாழ்கிறான். இன்றைய பேச்சில் அவனைப் பற்றிச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சிரித்தான். "அண்ணா, அன்றைக்கு ரேடியோவில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொன்னேன், நீங்கள் யாரும் நம்பவில்லை. இப்போது பார்த்தீர்களா?" என்றான்.

இது நெடுங்காலம் தொடரும் நோயின் கதை. இன்னொரு வகை உண்டு. அதற்கு 6 ஆண்டு அவகாசம் இல்லை; சில சமயம் ஓர் இரவுகூட இல்லை.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தாய், கணவர் இல்லை, ஒரே மகன். பெங்களூரில் கட்டட வேலை. கைபேசி வழியாகவே கடன் கொடுக்கிறார்களாமே, அப்படி ஒன்றில் சிறு தொகை வாங்கி, அது பெருந்தொகையாகிவிட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பினான். 3 நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். நான்காம் நாள் இரவு 11 மணிக்கு அந்தத் தாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "வாத்தியாரய்யா, பையன் பேச்சு சரியில்லை. வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, இனிமேல் இது உனக்குத்தான் அம்மா என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது," என்றார்.

இத்தகைய சொல்லைக் கேட்டால் அலட்சியம் செய்யக் கூடாது. பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது, நெடுநாள் கலங்கியிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது, இவையெல்லாம் அபாய அறிகுறிகள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருப்பவன் செய்யமாட்டான் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது முற்றிலும் தவறு.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். போகும்போது என் மனைவி ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். எங்கள் கூடத்தில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. மின்சார வாரியம், எரிவாயு ஏஜென்சி முதலிய எண்கள் அதில் எழுதியிருக்கும். அவற்றுக்கிடையில் சிவப்பு மையில் ஓர் எண் உண்டு. அதைத்தான் பெயர்த்து எழுதியிருந்தாள். 14416 என்பது அந்த எண். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, மத்திய அரசு தொடங்கிய தொலைபேசிச் சேவை அது. 'டெலி மானஸ்' என்று பெயர். இரவும் பகலும் இயங்குவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நேரில் காட்ட வேண்டுமானால் எங்கே போவது என்றும் சொல்வார்.

பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாத்தியார் புத்தி, உபதேசம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எண்ணை அழைத்தேன். பேசிய பெண்மணியின் குரலில் அவசரம் இல்லை. என்னிடம் முதலில் ஒன்று சொன்னார்: "ஐயா, அவரிடம் நேராகவே கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணம் வருகிறதா என்று கேளுங்கள்." நான் தயங்கினேன். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா? அப்படி உண்டாகாது என்றார். உள்ளே அடைத்துக் கிடக்கிறவர்க்கு அந்தக் கேள்வி ஒரு சன்னலைத் திறப்பது போன்றது என்றார். கேட்டேன். அவன் "ஆமாம் சார்" என்றான். பிறகுதான் அழுதான்.

அதற்குப் பின் கைபேசியை அவனிடம் கொடுத்துவிட்டு நானும் அவன் தாயாரும் சற்று விலகி உட்கார்ந்தோம். 40 நிமிஷம் பேசினான். அந்த அம்மையார் எங்களிடம் சொன்னவை எளியவை. இன்றிரவு அவனைத் தனியே விட வேண்டாம். வீட்டிலுள்ள பூச்சி மருந்தையும் மற்ற மாத்திரைகளையும் வேறு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். திட்ட வேண்டாம், தேற்றுவதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். காலையில் தருமபுரிக்கு அழைத்துப் போங்கள். இடையே ஏதேனும் நேர்ந்துவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். நான் இரவு முழுவதும் அந்தத் திண்ணையில் இருந்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவன் பள்ளியில் படித்தபோது அல்ஜீப்ராவில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினோம். மிகவும் குறைந்த மதிப்பெண். காலை முதல் பஸ்ஸில் மூவரும் தருமபுரிக்குப் போனோம்.

இன்று அவன் எங்கள் ஊரிலேயே ஒரு கடையில் வேலை பார்க்கிறான். கடன் இன்னும் முழுக்கத் தீரவில்லை. பெயர் சொல்லாமல் சொல்லலாம் என்று அவன் இசைந்ததால் இதைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமே என்ற அச்சம் பல குடும்பங்களைத் தடுக்கிறது. இது பழைய அச்சம். ஒரு காலத்தில் காரணமுள்ள அச்சமும்கூட. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது அது. பிழைத்து எழுந்தவனுக்கு முதல் பரிசு வழக்கு! ஆகையால்தான் நம் செய்தித்தாள்களில் தலைமுறை தலைமுறையாகத் 'தீராத வயிற்றுவலி' இத்தனை பேரை வருத்திற்று. வயிற்றுவலியால் அவ்வளவு பேர் மனம் உடைவதில்லை என்பது எழுதியவர்க்கும் தெரியும், படித்தவர்க்கும் தெரியும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை மாற்றிற்று. அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115-ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை. ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

பூச்சி மருந்தைப் பற்றிச் சொன்னேன். உழவர் வீடுகளில் அது பரணிலும் கதவிடுக்கிலும் கிடக்கிறது. மனம் கலங்கிய நேரம் பெரும்பாலும் குறுகியது. சில மணி, சில சமயம் சில நிமிஷங்களே. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்வர். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் தோற்றுவித்த 'சினேகா' என்ற தொண்டு நிறுவனத்தார், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர்களில் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவான ஓர் இடம். அதில் வங்கிப் பெட்டகம் போல ஒவ்வோர் உழவர்க்கும் பூட்டுள்ள அறை. மருந்து அங்கேதான் இருக்கும், தெளிக்கிற நாளில் போய் எடுத்துக்கொள்வார்கள். ஊரார் அதை ஏற்றுக்கொண்டார்கள். இலங்கையில் கொடிய மருந்துகள் சிலவற்றைத் தடை செய்த பிறகு, 1995-க்கும் 2005-க்கும் இடையில் இத்தகைய சாவுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. உங்கள் ஊரில் பொது அறை இல்லாவிட்டால் என்ன? ஒரு தகரப் பெட்டியும் ஒரு பூட்டும் வாங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சாவி மட்டும் அடுத்த வீட்டில் இருக்கட்டும்.

சினேகாவின் தொலைபேசி எண் 044-24640050. மனம் நொந்தவர் பேசுவதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதற்கென்றே தொண்டர்கள் அங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டரசின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கு 1098, வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒருமுறை நான் ஓர் எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எந்த எண் என்பது இருக்கட்டும். அப்படி நேர்ந்தால் மனம் தளர்ந்து வைத்துவிடாதீர்கள். மீண்டும் அழையுங்கள், அல்லது அடுத்த எண்ணை அழையுங்கள். ஒரே எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளாததற்கு அதுவே காரணம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டா. என் தாயார் கும்பிட்ட தெய்வத்தை நானும் கும்பிடுகிறேன். மனம் கலங்கியவர்க்கு வழிபாட்டில் ஆறுதல் உண்டு. ஆனால் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், நோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என் தம்பியின் கணுக்காலைப் பார்த்தேன். அவன் அவரைக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தான். என்னால் பேச முடியவில்லை. இன்று மனநோயாளி எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது சட்டம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. பூசாரியிடம் போங்கள், விபூதி வாங்கிக்கொள்ளுங்கள், அதே கையில் மாத்திரையும் இருக்கட்டும். நல்ல பூசாரிகள் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர், "முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு அமாவாசைக்கு வா" என்று சொல்லி அனுப்புகிறார். அவரால் பிழைத்தவர்கள் சிலர் உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சித்தேரி மலையிலிருந்து இறங்கித் தருமபுரிக்கு வந்து போகிற ஒருவர்க்கு அன்றைய கூலி போகும். கூட வருகிறவருடைய கூலியும் போகும். மனநல மருத்துவர்கள் இன்னும் மிகச் சிலரே. ஆண்கள் குடியில் ஒளிந்துகொள்கிறார்கள். பெண்கள் தலைவலி என்று சொல்லிக்கொள்கிறார்கள். முதியவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரி இருக்கிறது, எண் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கூடப் போவதற்கு ஆள் இல்லாமற்போவதுதான் எங்களைப் போன்ற ஊர்களில் இன்றுள்ள பெருங்குறை. மனம் உடைந்தவர் தாமாகப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று சீட்டு வாங்குவார் என்று எதிர்பார்ப்பது, கால் முறிந்தவரை நடந்து வரச் சொல்வது போன்றது. ஆகையால் எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற நாங்கள் நால்வர் ஒன்று செய்து வருகிறோம். பெரிய சங்கம் ஒன்றும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் எங்களில் ஒருவர் கூடப் போவோம். எங்களுக்குத்தான் பொழுது போகாதே!

சென்ற மாதம் ரெயில் நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் விலைப்பட்டியலைப் புதிதாக எழுதி மாட்டியிருந்தார். தேநீர், காப்பி, பால், போண்டா என்று வரிசையாக விலை. எல்லாவற்றுக்கும் கீழே 14416 என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் "மனசு சரியில்லையா" என்றும் எழுதியிருந்தார். அவரை அப்படி எழுதும்படி நான் சொன்னதில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். காசை எண்ணிக்கொண்டே, தெருவுக்கு எதிர்ப்புறத்துக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இளைஞனைக் கை காட்டினார்.